பழைய ஸ்லைடு ஸ்கேனரும் புதிய விண்டோஸும்: இரண்டையும் சேர்த்து வைப்பது எப்படி?

டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பு, ஒரு கலர் படத்தை வகுப்பறைச் சுவர் முழுக்கக் காட்ட வேண்டும் என்றால் ஸ்லைடுதான் வழி. பேராசிரியர்கள், டாக்டர்கள், கோயில் சிற்பங்களை ஆராய்பவர்கள், வெளிநாடு சென்று வந்தவர்கள் எனப் பலரும் ஸ்லைடு ஃபிலிமில் படம் எடுத்தார்கள். இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்துக்குள் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு ஃபிலிம் துண்டு. அவ்வளவுதான் ஸ்லைடு. இன்று புரொஜெக்டர்கள் பரணுக்குப் போய்விட்டன. ஸ்லைடுகள் மட்டும் பிஸ்கட் டப்பாக்களில் உட்கார்ந்து மெல்ல நிறம் மாறிக்கொண்டிருக்கின்றன.

இவற்றைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருவதற்கென்றே 1990களிலும் 2000களிலும் தனி ஸ்கேனர்கள் விற்பனைக்கு வந்தன. நிக்கானின் கூல்ஸ்கேன், மினோல்டாவின் டிமாஜ் ஸ்கேன் ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. அன்று ஸ்டுடியோக்களும் கலர் லேப்களும் வாங்கிய இந்தக் கருவிகள் பல இன்று மூலையில் தூங்குகின்றன. "கம்ப்யூட்டரை மாற்றினோம், அதன் பிறகு இது வேலை செய்யவில்லை" என்பார்கள். பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது. புதிய விண்டோஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு கலர் லேப் மூடப்பட்டபோது அப்படி ஒரு கருவி எனக்குக் கிடைத்தது. மாடல் நிக்கான் கூல்ஸ்கேன் எல்எஸ்-50. 64 பிட் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் அதை இயங்க வைத்து, என் பெரியப்பாவின் சுமார் 600 ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து முடித்தேன். அதை எப்படிச் செய்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இந்தப் பழைய கருவி எதற்கு?

கேள்வி நியாயமானதுதான். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே "ஃபிலிம் ஸ்கேனர்" கிடைக்கிறது. ஆனால் அவற்றில் பல, பெட்டிக்குள் ஒரு சிறிய கேமராவும் ஒரு வெள்ளை விளக்கும் வைத்தவை. ஸ்லைடை ஒரே கிளிக்கில் படம் பிடித்து ஜேபெக் ஃபைலாகத் தரும்.

கூல்ஸ்கேன் வேலை செய்யும் விதம் வேறு. அதற்குள் வெள்ளை விளக்கே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற எல்ஈடிக்கள் மாறி மாறி எரிய, ஸ்லைடு வரி வரியாகப் படிக்கப்படுகிறது. நான்காவதாக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்ஈடி ஒன்றும் உண்டு. விஷயமே அதில்தான் இருக்கிறது.

கலர் ஃபிலிமில் படமாக இருப்பது சாயம். இந்தச் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை ஏறக்குறைய அப்படியே கடந்து போக விடும். தூசியும் கீறலும் விடாது. ஆகவே அகச்சிவப்பில் ஸ்கேன் செய்தால் படம் மறைந்து தூசியும் கீறலும் மட்டும் தெரியும். எந்தெந்த இடத்தில் அழுக்கு என்ற வரைபடம் கிடைத்துவிடுகிறது. அந்த இடங்களை மட்டும் சாஃப்ட்வேர் சரிசெய்கிறது. இதற்கு டிஜிட்டல் ஐஸ் என்று பெயர்.

இது என் வேலைக்கு ஏன் முக்கியமானது என்று சொல்ல வேண்டும். பெரியப்பா வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் பயிர் நோயியல் நடத்தியவர். அவருடைய ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் நோய் தாக்கிய இலைகள்தான். நெல்லில் குலை நோய், நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோய், வாழையில் முடிக்கொத்து நோய். புள்ளி புள்ளியாக இருக்கும் இலை மேல் புள்ளி புள்ளியாகத் தூசி! போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் உள்ள சாதாரணத் தூசி நீக்கும் வசதி, பார்ப்பதற்குத் தூசி போல இருப்பதையெல்லாம் அழிக்கும். அதற்கு இலைப்புள்ளியும் தூசியும் ஒன்றுதான். அகச்சிவப்பு முறையில் அந்தக் குழப்பம் இல்லை. இலைப்புள்ளி சாயத்தால் ஆனது, அது தங்கும். தூசி வெளியிலிருந்து வந்தது, அது போகும்.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக இருப்பது வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் தடுக்கும் என்பதால் படத்தையே தூசி என்று நினைத்து ஸ்கேனர் கெடுத்துவிடும். ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் "இந்து" கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் உங்கள் வீட்டில் இருந்தால், டிஜிட்டல் ஐஸை அணைத்துவிட்டே ஸ்கேன் செய்யுங்கள். கோடக் 2009இல் தயாரிப்பை நிறுத்திய கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் இது சரியாக வேலை செய்வதில்லை. ஸ்லைடின் சட்டத்திலேயே கோடாக்குரோம் என்று அச்சிட்டிருக்கும்.

முதலில் ஸ்கேனரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய ஸ்கேனரை வாங்கும் முன்போ, பரணிலிருந்து இறக்கியதுமோ பார்க்க வேண்டியது அதன் பின்பக்கம். அங்குள்ள இணைப்பைப் பொறுத்துத்தான் உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெரியும்.

யுஎஸ்பி: எல்எஸ்-40, எல்எஸ்-50, எல்எஸ்-5000 ஆகிய மூன்றும் யுஎஸ்பி கொண்டவை. இன்றைய கம்ப்யூட்டரில் இணைக்க இவைதான் எளிது. எல்எஸ்-40 பழைய யுஎஸ்பி 1.1 என்பதால் மெதுவாக இயங்கும். அதன் ரெசல்யூஷன் 2900 டிபிஐ, மற்ற இரண்டும் 4000 டிபிஐ.

ஃபயர்ஒயர்: எல்எஸ்-4000, எல்எஸ்-8000, எல்எஸ்-9000. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை ஃபயர்ஒயர் கார்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். லேப்டாப் மட்டும் உள்ளவர்கள் இவற்றை வாங்காமல் இருப்பது நல்லது.

ஸ்கஸி: எல்எஸ்-1000, எல்எஸ்-2000, எல்எஸ்-30. இவற்றுக்கான பழைய கார்டைச் செருக இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் இடமே இல்லை. பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்வதுதான் நடைமுறை வழி.

கருவியின் லேபிளில் மின்னழுத்தத்தையும் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகக் கூடாது. மின்சாரம் கொடுத்ததும் முன்பக்க விளக்கு சிறிது நேரம் மினுக்கி, பிறகு நிலையாக எரிய வேண்டும். நிற்காமல் வேகமாக மினுக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே பழுது என்று பொருள். அது டிரைவர் பிரச்சினை அல்ல. கம்ப்யூட்டரை இணைக்காமலேயே இதைச் சோதித்துவிடலாம் என்பதால், பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பிரச்சினை எங்கே இருக்கிறது?

இந்த ஸ்கேனர்களுக்கான நிக்கான் ஸ்கேன் சாஃப்ட்வேரின் கடைசி விண்டோஸ் பதிப்பு 4.0.3. அது எக்ஸ்பி, 32 பிட் விஸ்டா ஆகியவற்றோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

ஆனால் 32 பிட் சாஃப்ட்வேர் 64 பிட் விண்டோஸிலும் ஓடும். அப்படியானால் எது தடுக்கிறது? ஐஎன்எஃப் என்ற ஒரு சிறிய ஃபைல்தான். அது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். "இந்த எண்ணுள்ள கருவி செருகப்பட்டால் இந்த டிரைவரைக் கொடு" என்று விண்டோஸுக்கு எழுதித் தரும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிக்கானின் சீட்டில் 32 பிட்டுக்கான பகுதி மட்டும் இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் தனக்கான பகுதியைத் தேடும், கிடைக்காததால் கருவியைக் கைவிட்டுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீட்டு கேட்கும் டிரைவர் நிக்கானுடையதே அல்ல. யுஎஸ்பி ஸ்கேனர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் எழுதி விண்டோஸுடனேயே தரும் பொது டிரைவர் அது. 64 பிட் விண்டோஸிலும் அது தயாராகவே இருக்கிறது. ஆகவே புதிதாக எந்த புரோகிராமும் எழுத வேண்டியதில்லை. சீட்டில் சில வரிகள் சேர்ந்தால் போதும்.

வழி 1: வ்யூஸ்கேன்

ஹாம்ரிக் சாஃப்ட்வேர் வெளியிடும் வ்யூஸ்கேன், ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேனர்களை இயக்கும் சாஃப்ட்வேர். 1998 முதல் வந்துகொண்டிருக்கிறது. இதை நிறுவும்போதே 64 பிட்டுக்கான ஐஎன்எஃப் ஃபைலும் சேர்ந்து வந்துவிடும். ஸ்கேனரைச் செருகினால் உடனே தெரியும். அகச்சிவப்புத் தூசி நீக்கமும் இதில் உண்டு.

இது விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆனால் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். சோதனைப் பதிப்பில் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். உங்கள் ஸ்கேனர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அதுவே போதும். நோட்பேடில் கை வைக்க விரும்பாதவர்களுக்கு இந்த வழியைத்தான் சிபாரிசு செய்வேன்.

இன்னொரு பலனும் இதில் உண்டு. வ்யூஸ்கேனின் ஐஎன்எஃப் வழியாக விண்டோஸ் ஸ்கேனரை ஏற்றுக்கொண்ட பிறகு, நிக்கான் ஸ்கேன் 4.0.3ஐ நிறுவினால் அதுவும் ஸ்கேனரைக் கண்டுகொள்கிறது.

வழி 2: ஐஎன்எஃப் ஃபைலை நாமே திருத்துவது

1. நிக்கான் ஸ்கேன் 4.0.3ஐ நிறுவுங்கள். அதனுடன் வரும் ஸ்கேனர் ஐஎன்எஃப் ஃபைலைத் தனி ஃபோல்டரில் நகல் எடுத்து, நகலை நோட்பேடில் திறங்கள்.

2. மேனுஃபேக்சரர் என்ற தலைப்பின் கீழ் நிக்கான் பெயருள்ள வரி இருக்கும். அதன் கடைசியில் காற்புள்ளி போட்டு, 64 பிட்டுக்கான குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். என், டி, ஏ, எம், டி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், அவற்றை ஒட்டி 64 என்ற எண். நடுவில் இடைவெளி கூடாது. ஏஎம்டி என்று வருவதால் இன்டெல் பிராசசருக்கு ஆகாதோ என்று தயங்க வேண்டாம். இரண்டுக்கும் இதே சொல்தான்.

3. அந்த வரி குறிப்பிடும் மாடல் பட்டியல் கீழே தனிப் பகுதியாக இருக்கும். அந்தப் பகுதி முழுவதையும் நகல் எடுத்து அதன் கீழேயே ஒட்டுங்கள். ஒட்டிய பகுதியின் தலைப்பில் மட்டும் ஒரு புள்ளி வைத்து அதே குறிச்சொல்லைச் சேர்த்து சேவ் செய்யுங்கள். பட்டியலில் எல்எஸ்-40க்கு 4000, எல்எஸ்-50க்கு 4001, எல்எஸ்-5000க்கு 4002 என்ற எண்கள் தெரியும். டிவைஸ் மேனேஜரில் உங்கள் ஸ்கேனரின் ஹார்டுவேர் ஐடியிலும் அதே எண் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

4. ஃபைலைத் திருத்தியதால் அதன் டிஜிட்டல் கையெழுத்து பொருந்தாது, விண்டோஸ் மறுக்கும். செட்டிங்ஸில் ரெக்கவரி, அதில் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப், பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வரும் பட்டியலில் 7ஐ அழுத்தினால் கையெழுத்துச் சோதனை அந்த ஒரு முறை மட்டும் நிறுத்தப்படும். உங்கள் டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கப்படலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டே இந்த வேலையில் இறங்குங்கள்.

5. டிவைஸ் மேனேஜரில் ஸ்கேனர் மீது ரைட் கிளிக் செய்து, அப்டேட் டிரைவர் கொடுத்து, நீங்கள் திருத்திய ஃபைல் உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது கையெழுத்துச் சோதனை தானாகவே திரும்பிவிடும். ஆனாலும் ஸ்கேனர் தொடர்ந்து வேலை செய்யும். காரணம், ஐஎன்எஃப் ஃபைல் நிறுவும்போது மட்டும்தான் சோதிக்கப்படுகிறது. அன்றாடம் சோதிக்கப்படுவது டிரைவர். அதில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கையெழுத்து இருக்கிறது.

வழி 3: லினக்ஸ்

லினக்ஸில் ஸ்கேனர்களுக்கான சேன் திட்டத்தில் கூல்ஸ்கேன்3 என்ற பகுதி இந்த மாடல்களை இயக்குகிறது. உபுண்டுவை பென் டிரைவிலிருந்தே இயக்கிச் சோதித்துப் பார்க்கலாம், விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. செலவும் இல்லை. ஆனால் டிஜிட்டல் ஐஸ் போலத் தானே தூசி நீக்கும் வசதி இதனுடன் வராது. அது வேண்டுமென்றால் வ்யூஸ்கேனின் லினக்ஸ் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு குறிப்பு. ஸ்கேனர் பாதியில் துண்டிக்கப்பட்டால், கம்ப்யூட்டருக்கும் ஸ்கேனருக்கும் நடுவே ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 ஹப்பைச் செருகிப் பாருங்கள். பழைய கருவிகள் பல புதிய யுஎஸ்பி போர்ட்டுகளோடு இப்படித்தான் சமாதானமாகின்றன.

ஸ்கேன் செய்யும்போது

முதலில் ரப்பர் புளோவரால் ஸ்லைடின் இரு பக்கமும் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். பூசணம் பிடித்த ஸ்லைடைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது. பூசணம் தாக்கிய ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு போய்விடும். அப்படிப்பட்ட ஸ்லைடுகளை வேறு டப்பாவில் பிரித்து வையுங்கள்.

அட்டைச் சட்டத்தில் உள்ள ஃபிலிம் நடுவில் சற்று வளைந்திருக்கும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்தால் ஓரங்கள் மங்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் இரண்டும் ஓரளவு தெளிவாக வரும். வெளிச்சமான பகுதிகளைச் சுற்றிப் புகை போன்ற படலம் தெரிந்தால், ஸ்லைடைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்கேனருக்குள் இருக்கும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இடக் கணக்கையும் பார்த்துக்கொள்வோம். 4000 டிபிஐயில் ஒரு ஸ்லைடு சுமார் 5669 x 3780 பிக்சல், அதாவது 2.14 கோடி பிக்சல். 16 பிட் டிஃப் ஃபைலாக வைத்தால் ஒரு படம் ஏறக்குறைய 128 எம்பி. 600 ஸ்லைடுக்குச் சுமார் 77 ஜிபி. செருகுவது, ஃபோகஸ் செய்வது, தூசி நீக்குவது எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு ஸ்லைடுக்கு மூன்று நிமிடம் ஆனது. 600க்கு 30 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மாதம்.

நிக்கான் ஸ்கேனில் மங்கிய நிறத்தை மீட்கும் ஆர்ஓசி என்ற வசதி உண்டு. குடும்பப் படங்களுக்கு அது அருமையாக இருக்கிறது. ஆனால் பயிர் நோய்ப் படத்தில் இலையின் மஞ்சள் நிறம்தான் செய்தியே. அந்த மஞ்சள் நோயால் வந்ததா, ஃபிலிம் வெளுத்ததால் வந்ததா என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ஆகவே இந்த வசதியை அணைத்து எடுத்த ஸ்கேனை மூலமாக வைத்துக்கொண்டு, நிறம் திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமித்தேன். உங்கள் படங்களில் நிறத்துக்குப் பொருள் இருக்குமானால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படத்தோடு விவரத்தையும் சேர்த்து வையுங்கள்

ஸ்கேன் செய்த படங்களைப் பெரியப்பாவிடம் லேப்டாப்பில் காட்டிக்கொண்டு போனேன். சட்டத்தில் "கடலை 3", "நெல் 11" என்பதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு நிலக்கடலை இலையில் அவர் நிறுத்தினார்.

"இதுல ஓரத்துல இருக்கே, அது டிக்கா இல்லடா. ஃபிலிம்ல பூசணம்."

"எப்படி பெரியப்பா சொல்றீங்க? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"டிக்கா புள்ளியைச் சுத்தி மஞ்ச வளையம் இருக்கும். நடுவுல இருக்கறதுக்கு இருக்கு, ஓரத்துல இருக்கறதுக்கு இல்ல, பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஜெலட்டினுக்குள்ளேயே வேரோடிய பூசணத்தை அகச்சிவப்பாலும் முழுதாக நீக்க முடிவதில்லை. அந்த ஓரத்தை யாராவது நோய் என்று எடுத்துக்கொண்டால், திருத்திச் சொல்ல அந்தப் படத்தை எடுத்தவரால்தான் முடியும். 78 வயதில் இருக்கும் அவர் ஒருவரைத் தவிர, எந்த ஊர்த் தோட்டம், எந்த ஆண்டு, எந்த நோய் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. அன்றிலிருந்து தினமும் ஸ்கேன் செய்த 20 படங்களை அன்று மாலையே அவரிடம் காட்டி, அவர் சொல்வதை எழுதிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். சில படங்களுக்கு அவருக்கே நினைவு வரவில்லை. அவற்றில் "தெரியவில்லை" என்றே எழுதச் சொன்னார்.

இந்த விவரங்களை நோட்டில் மட்டும் வைத்தால் படமும் நோட்டும் ஒருநாள் பிரிந்துவிடும். படத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். டிஜிகாம் என்ற இலவச சாஃப்ட்வேரில் இதைச் செய்யலாம். எக்ஸ்எம்பி என்ற வகையில் சேமித்தால் தமிழ் யுனிகோட் எழுத்துகள் சிதையாமல் இருக்கும். ஸ்லைடின் சட்டத்தில் பென்சிலால் பெட்டி எண்ணும் ஸ்லைடு எண்ணும் எழுதி, அதே எண்ணை ஃபைல் பெயராக வைத்தால் மூல ஸ்லைடை எப்போது வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

எல்லா ஸ்லைடையும் ஸ்கேன் செய்ய நேரம் இல்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். விவரம் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே, சட்டத்தில் ஒன்றும் எழுதப்படாத ஸ்லைடுகளை முதலில் எடுங்கள். அடுத்து சிவப்பேறத் தொடங்கியவை, பூசணம் பிடித்தவை. பெயரும் தேதியும் தெளிவாக எழுதப்பட்டு, காய்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கும் ஸ்லைடுகள் கடைசியில் வரட்டும்.

உங்கள் ஊர் ஸ்டுடியோவில் தூசி படிந்த கூல்ஸ்கேன் ஒன்று தென்பட்டால், பின்பக்கத்தில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா, முன்பக்க விளக்கு நிலையாக எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், மற்றதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடித்துவிடலாம்.